மே/பா. பூங்காவனம் கடை

பூங்காவனத்தின் கடையை இடித்தது யார் என்று யாராவது கேட்டால் நான்கு பெயர்களை மூச்சு விடாமல் சொல்வேன். ஐந்தாவது பெயர் என்னுடையது. அதைச் சொல்ல மட்டும் எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. முப்பத்தேழு வருஷம் ஒரே இடத்தில் கடை வைத்திருந்த பெண்ணை அங்கிருந்து கிளப்பியது நான் எழுதிய ஒரு கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், எழுதிவிட்டு நானே கோடு போட்டு அடித்த ஐந்து வார்த்தைகள்.

நீங்கள் கேட்டது "கடை ஸ்டாப் வந்துடுச்சாம்மா?" என்றுதான். அதற்கு இவ்வளவு பெரிய பதில் தேவையில்லை, தெரியும். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் இன்று எனக்குச் சோறு இறங்காது. இன்னும் வரவில்லை அக்கா, ஆறு ஸ்டாப் இருக்கிறது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதால் அரைமணி நேரமாவது ஆகும். வந்ததும் கண்டக்டரே கத்துவார், "கடை ஸ்டாப்!" என்று. இறங்கிப் பார்த்தால் கடை இருக்காது. சிமெண்டில் ஒரு வளைவு இருக்கும், "ஸ்ரீ குபேரா நகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று. அதன் இடது தூண் நிற்கிற இடத்தில்தான் கடை இருந்தது.

உங்கள் கையில் இருக்கிற பில்டர் நோட்டீஸைக் கொஞ்சம் காட்டுங்கள். "லேக் வியூ அபார்ட்மெண்ட்ஸ்"! பார்த்தீர்களா? எங்கள் நகரில் ஏரி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். பள்ளம் என்றுதான் சொல்வார்கள். "பள்ளத்துப் பக்கம் விளையாடப் போகாதே." "பள்ளத்துல இந்த வருஷம் கொசு ஜாஸ்தி." பெரிய வெள்ளம் வந்தபோது நான் பத்தாவது படித்தேன். ஹாலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அப்பா நாற்காலிமேல் நின்றுகொண்டு "டிரெயினேஜ் சரியில்ல" என்றார். எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து சடகோபன் மாமா "ஆமா சார், டிரெயினேஜ்" என்றார். இரண்டு பேருக்கும் தெரியும் தாங்கள் எதற்குள் நிற்கிறோம் என்று. இப்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு விலை வந்துவிட்டது, நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள்.

நான் எம்.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். பெயர் மதிவதனி. வாயாடி என்று வீட்டில் பெயர், வாதாடி என்று டிபார்ட்மெண்டில் பெயர். வரலாறு படிக்கவும் அப்பாவிடம் அனுமதி கேட்டதில்லை, முடியை வெட்டிக்கொள்ளவும் கேட்டதில்லை. முடிவெடுத்துவிட்டுத் தகவல் சொல்வேன், அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

போன வருஷம் ஐப்பசியில் சடகோபன் மாமா வீட்டுக்கு வந்தார். அவர்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர்.

"வதனி, சங்கத்துக்கு வெள்ளிவிழா வருது, மலர் போடறோம். நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, நம்ம நகரோட வரலாற்ற நாலு பக்கம் எழுதிக் குடு. யாரும் படிக்கப் போறதில்ல. ஆனா இருக்கணும்."

"யாரும் படிக்காத மாதிரி எழுத எனக்கு வராது மாமா" என்றேன். எப்படிப் பதில்! எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

நான் சும்மா எழுதவில்லை அக்கா. ஆவணக் காப்பகத்துக்கு நாலு தடவை போனேன், பழைய புலவரைபடம் நகல் எடுத்தேன். என் எண்ணம் என்ன தெரியுமா? நகரின் வரலாறு என்றால் எல்லோரும் மனை விற்றவரிடமிருந்து ஆரம்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், எலுமிச்சைச் சாதப் பொட்டலம், கோடையில் வறண்ட தரையில் நட்ட வெள்ளைக் கல், அங்கிருந்து. நான் பூங்காவனத்திடமிருந்து ஆரம்பிப்பேன். ஒரு பெண், தனியாக, எழுதப்படிக்கத் தெரியாதவர், அவர்தான் இந்த நகரின் முதல் ஆள். இதை எழுதப்போகிறேன் என்று சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டே திரிந்தேன். நியாயம் என் பக்கம் இருந்தது. நியாயம் பக்கத்தில் இருக்கும்போது எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறேன்.

பூங்காவனம் எண்பத்தாறில் வந்தவர். வந்தவாசிப் பக்கம். புருஷன் ஒரு மழைக்காலத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஏரிக்கரையில் மண் அடிக்கிற லாரிக்காரர்களுக்கு டீ போட ஒரு ஓலைக் கொட்டகை போட்டார். பின்பக்கத் தடுப்பில் படுக்கை. அந்த லாரிகள்தான் ஏரியை மூடின. மூடின இடத்தில் வீடுகள் வந்தன, லாரிக்காரர்கள் போய் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், டீக்கடை மளிகைக்கடை ஆனது.

அப்போது தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. போஸ்ட்மேன் சைக்கிளில் கடை வரைக்கும்தான் வருவார், அதற்கு அப்புறம் சேறு. அதனால் எல்லோரும் ஊருக்கு விலாசம் எழுதியது இப்படி: இன்னார், மே/பா. பூங்காவனம் கடை, ஏரிக்கரை. மேற்பார்வை பூங்காவனம்! போஸ்ட்மேன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பேரைப் படித்துச் சொல்வார். பூங்காவனம் அதை வாங்கிக் கடைக்குள் கட்டியிருந்த கயிற்றில் துணிக் கிளிப் போட்டு மாட்டுவார். எங்கே மாட்டுவார் தெரியுமா? வீடு இருக்கிற வரிசையில். கயிற்றின் இந்த முனை கடைப் பக்கத்து வீடு, அந்த முனை பள்ளத்தோரம் கடைசி வீடு. புதுசாக ஒருவர் குடிவந்தால் கயிற்றில் ஒரு கிளிப் கூடும். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு கடிதமும் மாறிப் போனதில்லை. எங்கள் அப்பாவுக்கு பம்பு கம்பெனி வேலை உத்தரவு வந்தது அந்தக் கயிற்றுக்குத்தான். மழையில் நனையாமல் பிஸ்கட் பாக்கெட் உறைக்குள் வைத்துக்கொண்டு சேற்றில் ஓடிவந்து கொடுத்தாராம். அம்மா இன்னும் சொல்வாள்.

கேட்டு எழுதிக்கொள்ள நான் நோட்டோடு போனபோது அவர் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம் கேக்கறே?"

"வரலாறும்மா. புஸ்தகத்துல வரும்."

"அதுல என்னான்னு போடுவே?"

"இந்த நகர்ல மொத ஆளு நீங்கதான்னு."

"அப்பிடிப் போட்டா பட்டா குடுப்பாங்களா?"

நான் சிரித்தேன். எவ்வளவு வெள்ளை மனசு என்று நினைத்தேன். அந்தக் கேள்வியை அப்படியே கட்டுரையிலும் சேர்த்தேன், சுவைக்காக. எங்கள் பேராசிரியை அந்த இடத்தில் பச்சை மையால் கோடு போட்டு "அருமை" என்று எழுதினார்.

அது வெள்ளை மனசு இல்லை அக்கா. இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் நகரில் பட்டா முகாம் நடந்தது. பத்து வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறேன் என்று அத்தாட்சி காட்டினால் ஏரி நிலத்தைக் குடியிருப்பு என்று மாற்றிப் பட்டா. அத்தாட்சிக்கு எங்கே போவது? எல்லோர் வீட்டிலும் இருந்தது பழைய தபால் உறைகள்தான், தேதி முத்திரையோடு. மே/பா. பூங்காவனம் கடை. எங்கள் வீட்டுப் பச்சை ஃபைலில் இன்றும் ஏழு உறை இருக்கிறது. அதைக் காட்டித்தான் எங்களுக்குப் பட்டா. நகர் முழுக்க நாற்பத்தாறு வீட்டுக்கும் அப்படித்தான். பூங்காவனமும் வரிசையில் நின்றிருக்கிறார். குமாஸ்தா கேட்டாராம், "உன் பேருக்கு வந்த கடுதாசி எங்க?" இவர் சொன்னாராம், "எல்லாக் கடுதாசியும் என் பேருக்குத்தான் சார் வந்துச்சு." "அது வழி சொல்றதுக்குப் போட்ட பேரும்மா. உனக்குன்னு யாராவது எழுதுனாங்களா?"

யார் எழுதுவார்கள்? ஓடிப்போன புருஷனா?

இதெல்லாம் அவர் அன்றே என்னிடம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். "நெகிழ்ச்சியான இடம்" என்று ஓரத்தில் குறிப்பும் போட்டேன். குறிப்புப் போட்டேன் அக்கா! இப்போது நினைத்தால் அந்த நோட்டைத் திறக்கக் கை கூசுகிறது.

சரி, ஐந்து வார்த்தைக்கு வருகிறேன். எனக்கு அடிக்குறிப்பு என்றால் உயிர். கட்டுரையில் ஏழாவது அடிக்குறிப்பு இப்படி இருந்தது: "இந்தக் கடை அமைந்துள்ள இடம், எங்கள் வீடு உட்பட நகர் முழுவதும், நிலப்பதிவேட்டின்படி ஏரிப் புறம்போக்கு, புல எண் 118." கொடுப்பதற்கு முதல் நாள் அப்பா அதைப் படித்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து, மெதுவாக.

"நல்லா எழுதியிருக்கே. இந்த ஏழாம் நம்பர் எதுக்கு?"

"ஆதாரம்ப்பா."

"'எங்கள் வீடு உட்பட'. இத யாரு கேட்டா?"

"உண்மைப்பா."

"உண்மதான். நான் இல்லேன்னா சொன்னேன்? பக்கத்து ஊர்ல ஒரு தெருவுக்கே நோட்டீஸ் குடுத்திருக்கான், ஏரியில குடுத்த பட்டா செல்லாதுன்னு. நீ கடையப் பத்தித்தானே எழுதறே? கடையோட நிறுத்திக்கயேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "பொண்ணு, உனக்கென்ன தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நூற்றுப்பதினெட்டு என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். அவர் சண்டையே போடவில்லை. தொட்டி நிறைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தரை, அம்மா பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக், எனக்கென்று இருக்கிற ஒரு அறை. ஐந்து வார்த்தைகளை அடித்தேன்.

பக்க அளவுக்காக அடித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலு பக்கம்தானே கொடுத்திருந்தார்கள்? மலர் வந்தபோது பார்த்தால், என் கட்டுரை முடிகிற பக்கத்தில் இடம் மிஞ்சிப்போய் ஒரு தாமரைப்பூ படம் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

பொங்கலன்று விழா. பூங்காவனத்தை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். நான்தான் ஏற்பாடு. சடகோபன் மாமா மைக்கில், "நமது நகரின் முதல் குடிமகள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பூங்காவனம் சால்வையைப் பிரித்து விலை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்தார், எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

பங்குனியில் ஒரு நாள் காலேஜுக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார். கையில் ஒரு கவர்.

"வதனி, இத்தப் படிச்சுச் சொல்லேன். என் பேருக்குக் கடுதாசி வந்திருக்குது" என்றார். சந்தோஷமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். "போஸ்ட்மேன் பய பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றான், உள்ள உன் எழுத்து இருக்குதாம். புஸ்தகத்துல வந்துதே அதுவாம்."

அது தாசில்தார் அலுவலக நோட்டீஸ். புறம்போக்கு ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்யவும். புகார் கொடுத்தவர்: சங்கம். வளைவு கட்ட அந்த இடம் வேண்டுமாம். இணைப்பு ஒன்று, சங்கத் தீர்மானம். இணைப்பு இரண்டு, மலரின் பதினான்காம் பக்கம். என் கட்டுரை. ஏழாவது அடிக்குறிப்பில் சிவப்பு மையால் வட்டம். "இந்தக் கடை அமைந்துள்ள இடம் நிலப்பதிவேட்டின்படி ஏரிப் புறம்போக்கு, புல எண் 118."

நான் படித்துக் காட்டினேன். வாக்கியம் நன்றாக இருந்தது அக்கா. ஒரு பிசிறு இல்லை. அதைவிடக் கேவலம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

"உன் எழுத்துதானா?" என்றார்.

"ஆமாம்மா. ஆனா நான் இதுக்காக எழுதல."

"அது தெரியும். எதுக்கு எழுதினாலும் படிக்கறவன் அவனுக்கு வேணும்ங்கறதத்தான எடுப்பான். இப்ப நான் இன்னா பண்றது, அதச் சொல்லு."

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நேராகச் சடகோபன் மாமா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். தெருவே கேட்டது. வரலாற்றைத் திரிக்கிறீர்கள் என்றேன், ஒரு ஏழைப் பெண்ணை நசுக்குகிறீர்கள் என்றேன். அவர் நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"எதம்மா திரிச்சோம்? நீ எழுதின வரியில ஒரு எழுத்து மாத்தலியே. நீதானம்மா ஆதாரம் வெச்சு எழுதினே. தப்புன்னா சொல்லு, எது தப்பு?"

எது தப்பு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் வீடும் அதே நூற்றுப்பதினெட்டுதானே! சொல்லியிருக்கலாம். "வரி பாதி மாமா" என்று ஒரே வாக்கியம். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், அன்று "மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். மனசாட்சி பற்றிக் கத்துவது சுலபம். அதற்குப் புல எண் கிடையாது.

ஆனியில் இடித்தார்கள். அன்று எனக்குப் பரீட்சை. நிஜமாகவே பரீட்சை, வேண்டுமானால் ஹால் டிக்கெட் காட்டுகிறேன். திரும்பி வரும்போது பொக்லைன் போய்விட்டிருந்தது. இடிந்த செங்கல்லுக்கு நடுவே அந்தக் கயிறு கிடந்தது, அதில் ரெண்டு மூணு கிளிப் இன்னும் இருந்தது. எடுத்துவர நினைத்தேன். யாராவது பார்ப்பார்களோ என்று எடுக்கவில்லை.

பூங்காவனத்துக்கு ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்பில் நாலாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். கடை கிடையாது. இன்று காலையில் அங்கேதான் போயிருந்தேன். ரெண்டு பஸ் மாறி. கழிவறைக் கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பாய், அதில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "வா வதனி. கேட்டில உடறானுங்களா? என்னியவே தினம் யாருன்னு கேக்கறானுங்க" என்று சிரித்தார்.

நான் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்குறிப்பு, அப்பா கேட்டது, அடித்த ஐந்து வார்த்தை, தாமரைப்பூ, எல்லாம். மன்னிப்பும் கேட்டேன். அவர் திட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன், திரும்பி வரும்போது மனசு லேசாக இருக்கும், இப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன்டி, அவ்ளோதானா? நீ இன்னாவோ பெருசாப் பண்ணிட்டுத்தான் இப்டி மூக்கச் சிந்தறியோன்னு பாத்தேன். அஞ்சு வார்த்ததானே? எழுதிக் குடுத்துட்டாப் போச்சு."

"என்னம்மா?"

"அப்பீல் போட்டிருக்கேன். இங்க கீழ் வீட்ல ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கான், அவன்தான் எழுதிக் குடுத்தான். புதன்கெழமை விசாரணை. அவன் சொல்றான், ஒரே நெலத்துல நாப்பத்தாறு பேருக்குக் குடுத்துட்டு ஒருத்திக்கு இல்லேன்னா ஏன்னு கேக்கலாமாம். ஆனா மொதல்ல நான் அங்க இருந்தேன்னு ரெண்டு காயிதம் வேணுமாம். ஒண்ணு, என் கடப் பேரு போட்ட பழைய கவரு, முத்திரையோட. நாலு வீட்ல கேட்டுட்டேன், எல்லாரும் கெடச்சா சொல்றேன்னாங்க. உங்க வூட்ல பச்ச ஃபைல்ல இருக்குது, எனக்குத் தெரியும், உங்கம்மா காட்டிருக்கா. அதுல ஒண்ணு குடு. இன்னொண்ணு, நீ உட்ட அந்த அஞ்சு வார்த்த. அத்தச் சேத்து முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அழுவாத. புதன்கெழமைதான், இன்னும் மூணு நாள் இருக்குது."

கேட்ட குரலில் கோபமே இல்லை அக்கா. கயிற்றிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தரச் சொல்கிற மாதிரிக் கேட்டார். பையில் பேனா இருந்தது, வெள்ளைத்தாள் இருந்தது. உறை வீட்டில்தான், ஆனால் ஐந்து வார்த்தையை அங்கேயே எழுதியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

அதோ, பாலம் தெரிகிறது. அடுத்தது உங்கள் ஸ்டாப்தான். பையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இறங்கவில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போவேன், இப்போதெல்லாம் அப்படித்தான். வளைவைத் தாண்டி முதல் வலதில் உங்கள் லேக் வியூ. வீட்டை நன்றாகப் பாருங்கள், ஈரம் ஏறியிருக்கிறதா என்று சுவரைத் தொட்டும் பாருங்கள்.

என்ன? நான் என்ன பதில் சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்தேன். அவர் பதிலுக்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார். நான் சொன்னேன்:

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா."